வெறுந்தறி ஓட்டிய நாள்

என் கணவர் பத்திரிகையில் வரும் வெளிநாட்டுச் செய்திகளை ஒரு வரி விடாமல் வாசிக்கிறவர். சந்தையிலிருந்து மீன் சுற்றி வந்த காகிதமாக இருந்தாலும் விரித்து, நீவி, வாசித்து முடித்த பிறகுதான் மீன் என் கைக்கு வரும். அப்படி ஒரு மீன்காகிதத்தில்தான் அந்தச் செய்தி இருந்தது. ஏதோ ஒரு தூரத்து நாட்டில் ஊர்வலம் போகவும் கூட்டம் கூடவும் தடை போட்டுவிட்டார்களாம். பெண்கள் தங்கள் வீட்டு ஜன்னலில் நின்று வெறும் பாத்திரங்களை அகப்பையால் அடித்தார்களாம். பசிக்கிறது என்று வாயால் சொன்னால் பிடித்துக்கொண்டு போகலாம், பாத்திரம் சொன்னால் யாரைப் பிடிப்பது என்று அவர் என்னிடம் கேட்டார். கையில் சூரை மீனோடு நின்ற எனக்குப் பதில் சொல்லப் பொறுமை இல்லை. அது தொண்ணூறுகளின் தொடக்கம். என்னுடைய காக்காவைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். எனக்கு வேறு எதிலும் மனம் ஒட்டவில்லை.

காக்கா என்றால் எங்களுக்கு மூத்த சகோதரர். வாப்பா கடலோடு போனவர், உம்மா நோயோடு போனவர். என்னை வளர்த்து, வீடு கட்டித் தந்து, மாப்பிள்ளை எடுத்துத் தந்தது காக்காதான். எங்கள் ஊரில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். அதனால் என் கணவர் என் வீட்டுக்கு வந்தார், காக்கா மதினி வீட்டுக்குப் போனார். போனது அடுத்த வளவுக்குத்தான். இடையில் ஒரு கிடுகு வேலி மட்டும். மதினி தன் தறியில் இருந்துகொண்டே என்னோடு கதைப்பார், நான் என் தறியில் இருந்துகொண்டே பதில் சொல்லுவேன். இரண்டு தறிச் சத்தத்துக்கும் மேலாகக் கதைத்துப் பழகியதால் எங்கள் இருவருக்கும் தொண்டை பெரிது. சண்டை பிடிக்கிறோம் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள்.

கல்முனைக்கு வடக்கே, பாண்டிருப்பைத் தாண்டினால் எங்கள் ஊர். தறி இல்லாத வீடு குறைவு. ஆண்கள் நூல் கொண்டு வருவார்கள், சாயம் போடுவார்கள், நெய்த சாறனையும் சாரியையும் கொண்டுபோய் விற்பார்கள். நெய்வது பெரும்பாலும் பெண்கள். எங்கள் ஒழுங்கைக்கு, இந்தச் சின்னத் தெருவுக்கு, நூல் கொண்டு வருவது காக்காவின் பொறுப்பு. கொழும்புக்குப் போய் லொறியில் ஏற்றிக்கொண்டு வருவார். அந்த முறையும் அப்படித்தான் போனார். திரும்பி வந்தது லொறி டிரைவர் மட்டும், அதுவும் பஸ்ஸில். நூலுக்குச் சாயம் பிடிக்கப் போடுகிற வெள்ளைப் பொடி ஒரு பீப்பா லொறியில் இருந்தது. வழியில் மறித்த ராணுவத்தினர் அதைத் திறந்து பார்த்து, குண்டு செய்கிற மருந்து என்று சொல்லி, லொறியையும் நூலையும் காக்காவையும் வைத்துக்கொண்டார்கள். எத்தனையோ வருஷமாக அதே பொடிதான் வருகிறது. அதில் குண்டு செய்யலாம் என்றால் எங்கள் ஊர் எப்போதோ வானத்துக்குப் போயிருக்க வேண்டும்.

காக்காவை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஊரின் மேற்கே, வயல் தொடங்குகிற இடத்தில் ஒரு பழைய நெல் ஸ்டோர் இருந்தது. அதைத்தான் ராணுவ முகாமாக எடுத்திருந்தார்கள். நானும் மதினியும் என் கணவரும் அதன் வாசலில் போய் நின்று கேட்டோம். இங்கே அப்படி ஆள் இல்லை என்றார்கள். அம்பாறையில் போய்க் கேட்கச் சொன்னார்கள். அம்பாறையில் மட்டக்களப்பு என்றார்கள். மட்டக்களப்பில், நீங்கள் உங்கள் ஊர் முகாமில் அல்லவா கேட்டிருக்க வேண்டும் என்றார்கள். மதினி ஒரு இடத்திலும் அழவில்லை. எனக்குத்தான் எல்லா இடத்திலும் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு வாய் நிற்காது என்பதால் என் கணவர் ஒவ்வொரு வாசலிலும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

இதற்கிடையில் ஊரில் நூல் முடிந்துகொண்டு வந்தது. வேறு ஆட்கள் கொண்டு வந்த நூலும் வழியில் நின்றது. நீளவாக்கில் ஏற்றிய பாவு நூல் தீர்ந்த தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பிறந்த நாளிலிருந்து கேட்ட சத்தம் இல்லாமல் போனதும் பிள்ளைகள் பகலில் தூங்க மறுத்தன. முகாமுக்கு மனு எழுதிக் கொடுத்தார்கள், அது என்ன ஆனது என்று தெரியவில்லை. இளைஞர்கள் கறுப்புக் கொடி கட்டினார்கள், விடிந்ததும் அவர்களையே கழற்ற வைத்தார்கள். இனிமேல் கூட்டம் கூடினாலும், மனுவோடு வந்தாலும், எந்த அதிகாரியையும் மறித்துக் கதைத்தாலும் பிடிப்போம் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலேயே அறிவிக்க வைத்தார்கள். அந்த அறிவிப்பை வாசித்த, பாங்கு சொல்கிற முஅத்தினின் குரலைக் கேட்க எங்களுக்குப் பாவமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து ஒரு பெரிய அதிகாரி கைத்தொழில் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. முகாமின் பெரியவரும் கூட வருவாராம். என் கணவர் பள்ளிக்கூட மாஸ்டர், நெசவாளர் சங்கத்துக்கும் செயலாளர். எல்லாரும் எங்கள் வீட்டில் வந்து இருந்துகொண்டு, வருகிறவரிடம் எப்படிச் சொல்வது என்று தலையைச் சொறிந்தார்கள். என் கணவர் மீன்காகிதத்தை எடுத்துக் காட்டினார். முதலில் சிரித்தவள் நான்தான். இந்த ஊரில் சட்டி பானையை அடித்தால் நாய் ஓடும், வேறு யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை.

"சட்டி பானை அவங்கட வெறும. நம்மட வெறும தறியிலதானே இரிக்கி," என்றார்.

வெறுந்தறியை ஓட்டச் சொல்கிறார் என்று விளங்கியதும் எல்லாரும் திடுக்கிட்டார்கள். ஏனென்றால் வெறுந்தறி ஓட்டுவது எங்களிடம் இல்லாத வழக்கம். பாவு ஏற்றாத தறியில் ஏறி மிதித்தால் வீட்டுக்கு முஸீபத்து, பெரிய கேடு, வரும் என்பார்கள். விளையாட்டாக ஏறிய பிள்ளைக்கு முதுகில் ஒன்று விழும். சின்ன வயதில் எனக்கும் விழுந்திருக்கிறது. அந்தச் சத்தமே வேறு. பாவு உள்ள தறியில், ஊடு நூலை அடித்து நெருக்குகிற அச்சு வந்து துணியில் மோதும், அது தலையணையைத் தட்டுகிற மாதிரி மெத்தென்று இருக்கும். வெறுந்தறியில் மரம் மரத்தில் மோதும். காய்ந்த சத்தம், கன்னத்தில் அறைகிற மாதிரி. அடுத்த ஒழுங்கையில் ஓடினாலும் எங்கள் ஊரில் நாலு வயதுப் பிள்ளை கூட, அங்கே தறி வெறுமையாக ஓடுது என்று சொல்லும்.

அவருடைய திட்டம் இதுதான். ஜீப் ஊருக்குள் வந்ததும் எல்லா வீட்டிலும் வெறுந்தறி ஓட்ட வேண்டும். யாரும் வெளியே வரக்கூடாது, யாரும் எதுவும் சொல்லக்கூடாது. வருகிறவர் மனிதர்தானே, ஊரே வெறும் மரத்தை அடித்தால் ஏன் இந்தச் சத்தம் என்று கேட்காமல் இருப்பாரா? கேட்டால் பதில் சொல்லலாம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது மனுவும் இல்லை, மறிப்பும் இல்லை. அந்தப் பதிலை அவர் சிங்களத்தில் தயாரித்து வைத்திருந்தார். நூல் வரவில்லை, நூல் கொண்டு வந்த ஆளும் வரவில்லை, இரண்டையும் தாருங்கள். அவ்வளவுதான். வீட்டுக்குள் நடந்து நடந்து அதைப் பாடமாக்கினார். எனக்கு ஒரு சொல் சிங்களம் வராது, ஆனால் அந்தப் பதில் மட்டும் இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்.

மூத்தவர்கள் சிலர் முஸீபத்து என்று பயந்தார்கள். இதைவிட என்ன முஸீபத்து வரப்போகிறது என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மதினி சொன்னார். அதோடு பேச்சு முடிந்தது.

அந்த நாள் வந்தது. மதிய ளுஹர் தொழுது முடித்து, வெயில் சாயத் தொடங்கிய நேரம் ஜீப்புகள் பெரிய வீதியில் திரும்பின. தெருமுனையில் இருந்த வீட்டில் முதல் தறி தொடங்கியது. பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. நான் பிஸ்மி சொல்லி மிதியில் கால் வைத்தேன். முதல் அடியில் என் உடம்பே கூசியது. பாவு இல்லாமல், குறுக்கு நூல் கொண்டு ஓடுகிற நாடா பலகையில் குதித்துக் குதித்து ஓடியது. இரண்டு தரம் பாய்ந்து வெளியே போனது, ஓடிப்போய் எடுத்து வந்து திரும்பவும் அடித்தேன். ஒழுங்கையில் யாருடைய நாடாவோ ஜன்னலால் பறந்து ஒரு ஆட்டின் மேல் விழுந்ததாம், அந்த ஆட்டுக்காரர் மறுநாள் சண்டைக்கு வந்தார். கொஞ்ச நேரத்தில் ஊரே அந்தக் காய்ந்த சத்தத்தில் அதிர்ந்தது. தகரக் கூரைகள் நடுங்கின. எனக்கு அழுகை வந்தது. கேட்கிற யாருக்கும் வரும் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் தறி வீடுகளுக்குள் வெளி ஆண்கள் வருவதில்லை. பெண்கள் நெய்கிற இடம் என்பதால் வாசலில் சீலை தொங்கும். வந்தவர்களும் அந்த மரியாதையைக் காத்தார்கள், ஒழுங்கையிலேயே நின்றார்கள். சீலையின் ஓரத்தால் எனக்கு அதிகாரியின் முகம் தெரிந்தது. வெள்ளைச் சட்டை, கண்ணாடி, நல்ல மனிதரின் முகம். பக்கத்தில் முகாம் பெரியவர், மொழிபெயர்க்க ஒருவர், என் கணவர். அதிகாரி தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார். கேட்கிறார், விளங்குகிறது, இப்போது கேள்வி வரும் என்று நான் இன்னும் பலமாக அடித்தேன். வேலிக்கு அப்பால் மதினி என்னைவிடப் பலமாக அடித்தார். அதிகாரியின் முகம் மலர்ந்தது. ஏதோ சொன்னார்.

"ஐயா சொல்றார், எல்லா வீட்டிலயும் இவ்வளவு மும்முரமா வேலை நடக்கிற ஊரை இப்பத்தான் பாக்கிறாராம். மிச்சம் சந்தோசமாம்," என்றார் மொழிபெயர்ப்பவர்.

என் கணவர் அவரைப் பார்த்தபடி நின்றார். பாடமாக்கிய பதில் அவர் வாய் வரை வந்துவிட்டது எனக்குத் தெரிந்தது. கேள்வி இல்லாமல் பதிலை எப்படிச் சொல்வது? முகாம் பெரியவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் பலமாக அடிக்க அடிக்க அதிகாரி தலையை ஆட்டி ஆட்டிச் சந்தோஷப்பட்டார். சீலையைக் கிழித்துக்கொண்டு வெளியே போய், தறியைப் பார் ஐயா, நூல் எங்கே என்று கத்த வேண்டும் போல இருந்தது. எழும்பியும் விட்டேன். என் கணவர் சீலையின் பக்கம் திரும்பாமலே பின்னால் கையைக் காட்டி இரு என்றார். இருந்தேன். அவர்கள் அடுத்த ஒழுங்கைக்குப் போனார்கள், அங்கேயும் சந்தோஷப்பட்டார்கள், பிறகு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்கள்.

செவிடன் காதில் சங்கு ஊதின கதை என்று நான் சொன்னேன். ஆனால் அவர் செவிடர் இல்லையே, அதுதான் எனக்கு விளங்கவில்லை. இத்தனை தெளிவான சத்தத்தை ஒரு மனிதர் எப்படித் தப்பாகக் கேட்பார்? நாங்கள் யாரும் தறி இல்லாத ஊரில் பிறந்து பார்க்கவில்லை. வெறுமைக்கும் நிறைவுக்கும் வித்தியாசம் எல்லாக் காதுக்கும் தெரியும் என்றே இருந்துவிட்டோம். நாய் குரைப்பதையும் பூனை கத்துவதையும் யாராவது மாற்றிக் கேட்பார்களா?

ஜீப் போன பிறகு ஊரில் ஒவ்வொரு தறியாக நின்றது. மதினியின் தறி மட்டும் நிற்கவில்லை. அவர்கள் போய்விட்டார்கள் மதினி, காணும், நிறுத்துங்கள் என்று வேலியால் கூப்பிட்டேன். நான் போய்ப் பார்த்தபோது முக்காடு கழுத்தில் விழ, வேர்வை ஒழுக, கண்ணை மூடிக்கொண்டு மிதித்துக்கொண்டிருந்தார். ஊர் முழுக்க அமைதி. கடற்காற்றில் அந்த ஒரு தறியின் சத்தம் மட்டும் வயல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. கையைப் பிடித்தேன், உதறினார். ஒரு ஆளாவது கேட்கட்டும் என்றார். நான் விட்டுவிட்டேன். அச்சுப் பலகை வெடித்த பிறகுதான் நிறுத்தினார். அப்போது மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது.

பிறகு ஊர் இரண்டாகப் பிரிந்தது. அதிகாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை, நம்மை நாமே கேலி செய்துகொண்டோம் என்றது ஒரு பக்கம். விளங்கியது, முகாம் பெரியவர் பக்கத்தில் நின்றதால் சிரித்து மழுப்பினார், பெரிய மனிதர்கள் அப்படித்தான் என்றது மறுபக்கம். என் கணவர் காலையில் ஒரு பக்கம், பின்னேரம் மறுபக்கம். அந்தச் சிரிப்பை எனக்கு நடித்துக் காட்டுவார். இந்தச் சிரிப்பைப் பார்த்தால் உனக்கு என்ன தோன்றுது என்று கேட்பார். அவர் முகத்தில் பார்க்க எனக்கு ஒன்றும் தோன்றாது.

அந்த வாரம் முடிவதற்குள் லொறி வந்தது. காக்காவின் லொறிதான். நூல் கட்டுகள் ஒன்றும் குறையாமல் இருந்தன. பொடிப் பீப்பா இல்லை. காக்காவும் இல்லை. முகாம் ஆட்களே கொண்டு வந்து சங்கக் கட்டடத்தில் இறக்கிவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் போனார்கள்.

ஊர் குதித்தது. தறி பேசிவிட்டது என்றார்கள். பாற்சோறு காய்ச்சி வீடு வீடாகக் கொடுத்தார்கள். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்ததா, இல்லை அதிகாரி கொழும்பு போய்ச் சொல்லித்தான் வந்ததா என்று கேட்ட ஒன்றிரண்டு பேரை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. என் கணவர் பெரிய ஆளாகிவிட்டார். சாய்ந்தமருதிலிருந்து ஆட்கள் வந்து முறை கேட்டார்கள். அங்கே மீன்காரர்கள் வெறும் தோணியைத் துடுப்பால் அடிக்கலாமா என்று யோசித்தார்களாம். அடிக்கலாம், ஆனால் தோணியில் மீன் இல்லை என்பது சத்தத்தில் விளங்க வேண்டும் என்று இவர் மிகவும் தீவிரமாக ஆலோசனை சொன்னார். அதிகாரிக்கு விளங்கியது என்பதில் இப்போது அவருக்குச் சந்தேகமே இல்லை. பாதி கேட்டது, மற்றப் பாதியையும் கேட்க வைக்கலாம் என்றார்.

எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை, கவலைப்படவும் தெரியவில்லை. அடுப்பில் திரும்பவும் சோறு கொதித்தது, அது உண்மை. நூல் வந்த லொறியில் காக்காவின் சாறன் ஒன்று மடித்தபடி இருந்தது, அதுவும் உண்மை. நூலைத் தந்தவர்கள் ஆளை ஏன் தரவில்லை? ஆளைத் தராதவர்கள் நூலை ஏன் தந்தார்கள்? மதினி புதுப் பாவு ஏற்றிய தறியின் முன்னால் இரண்டு நாள் சும்மா இருந்தார். இந்த நூலை நெய்தால் அவர் வரமாட்டார் போலவும் இருக்கு, நெய்யாவிட்டால் வரமாட்டார் போலவும் இருக்கு என்று என்னிடம் சொன்னார். மூன்றாம் நாள் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துவிட்டு நெய்யத் தொடங்கினார்.

பிறகுதான் காக்கா தெற்கே ஒரு சிறையில் இருக்கிறார் என்று தெரிய வந்தது. குற்றத்தை அவரே ஒத்துக்கொண்டாராம். அடித்து ஒத்துக்கொள்ள வைத்திருப்பார்கள் என்று எல்லாரும் சொன்னோம். வேறு என்ன நினைக்க முடியும்? மதினி வருஷத்தில் சில தடவை பஸ் மாறி மாறிப் போய்ப் பார்த்து வருவார். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர், நடுவில் காவலாளி. பிள்ளைகள் சுகமா, மழை பெய்ததா என்று கேட்க மட்டும்தான் நேரம். இப்படியே வருஷங்கள் போயின. வழக்கறிஞர் மாறினார், நாட்டில் ஆட்சி மாறியது, எங்கள் வேலியில் கிடுகு போய் மதில் வந்தது. தொண்ணூறுகள் முடியப் போகிற நேரத்தில் ஒரு நாள், அந்தப் பொடி சாயப் பொடிதான் என்று தீர்மானித்துக் காக்காவை விட்டார்கள்.

வந்த காக்கா மெலிந்து, தாடி நரைத்து, குனிந்து நடந்தார். நான் அவர் கையைப் பிடித்து அழுத அழுகையில் பக்கத்துத் தெரு வந்துவிட்டது. ஆட்கள் எல்லாம் போன பிறகு நாங்கள் நாலு பேரும் மதினியின் வீட்டில் இருந்து தேத்தண்ணீர் குடித்தோம். என் கணவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. காக்காவுக்காக இந்த ஊர் என்ன செய்தது என்று தொடங்கினார். ஜீப் வந்தது, சத்தம், ஆடு, அதிகாரியின் சிரிப்பு, லொறி என்று எல்லாவற்றையும் வழக்கம்போல நடித்துக் காட்டினார். ஆளைத்தான் எடுக்க முடியவில்லை, நூலை எடுத்துவிட்டோம் என்று முடித்தார். காக்கா கோப்பையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"எனக்கும் கேட்டிச்சி மச்சான்," என்றார்.

சிறை எவ்வளவு தூரம் என்று நாங்கள் சிரிக்கப் போனோம். அவர் சிரிக்கவில்லை.

"நான் அப்ப நம்மட வயல் பக்கத்து ஸ்டோருக்குள்ளதான் இருந்த. நீங்க வாசல்ல நிண்டு கேட்டதும் கேட்டிச்சி, அவனுகள் இல்லையெண்டு சொன்னதும் கேட்டிச்சி. கத்தினா உங்களையும் உள்ளுக்குப் போட்டுருவம் எண்டானுகள்."

அவர் மெதுவாகச் சொன்னார். அந்தப் பொடி சாயத்துக்கு இல்லை என்று ஒத்துக்கொள், ஒத்துக்கொண்டால் நூல் முழுவதையும் ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்று தினமும் கேட்டார்களாம். அவர் மாட்டேன் என்றே இருந்தாராம். அடித்தும் பார்த்தார்களாம், அதற்கும் அவர் அசையவில்லை. வீட்டில் பழைய நூல் கிடக்கிறது, சமாளிப்பார்கள் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்திருக்கிறது. அப்படி இருக்கும்போதுதான் ஒரு பகலில் கடற்காற்றோடு அந்தச் சத்தம் வந்தது. வெறுந்தறி. ஒன்று இரண்டு அல்ல, ஊர் முழுக்க. வெறுந்தறி ஓட்டுகிற வழக்கமே நம்மிடம் இல்லையே, பசியில் சனத்துக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் அவர் நினைத்தாராம்.

"மறுகா ஒண்டொண்டா எல்லாம் நிண்டிட்டு. ஒரு தறி மட்டும் நிக்கல்ல. அது ஆருட தறி எண்டு எனக்குத் தெரியாதா? அது நிண்டா நானும் தாங்கிக்குவன் எண்டு பாத்துக்கிட்டே இருந்த. நிக்கல்ல. கதவத் தட்டிக் கூப்பிட்டு, ஓம் எண்டுட்டன்."

என் கணவர் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். ஒத்துக்கொண்ட அந்த ஒரு ஓமில்தான் லொறி வந்தது. அந்த ஒரு ஓமில்தான் அவர் இத்தனை வருஷம் உள்ளே கிடந்தார். நாங்கள் பாற்சோறு காய்ச்சிக் கொடுத்திருக்கிறோம். கொழும்பு அதிகாரிக்குக் கேட்காத சத்தம், மதினி சொன்ன மாதிரியே சரியாக, ஒரு ஆளுக்குக் கேட்டிருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாமல் வந்தது. கணவர் மேலா, மீன்காகிதத்தின் மேலா, சிரித்துவிட்டுப் போன மனிதர் மேலா? அன்றைக்கு அதை ஓட்டாமல் இருந்திருந்தால் பிள்ளைகள் என்ன ஆகியிருக்கும் என்றும் உடனே தோன்றியது. இன்றைக்கு வரை இதை என்னால் ஒரு பக்கமாக நினைத்து முடிக்க முடியவில்லை.

மதினி தேத்தண்ணீர்க் கோப்பைகளை எடுத்து அடுக்கினார். அடுக்கி முடித்தும் எழும்பவில்லை.

"அப்ப, நான் அண்டைக்கி மத்தவங்களோட சேந்து நிப்பாட்டியிருந்தா?" என்று கேட்டார்.

காக்கா அந்தக் கோப்பை அடுக்கைத் தன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"தெரியா புள்ள," என்றார்.